ம் கொட்டாத கமலாட்சி

உதயசூரியனுக்குப் பெண்டாட்டி மேல் ஒரே ஒரு குறைதான். கதை சொன்னால் ம் கொட்டமாட்டாள்.

பஸ் கண்டக்டருக்கு இது சின்னக் குறையா, சொல்லுங்கள்! காலையில் பபேடானில் வண்டி ஏறினால் பொழுது சாய்கிற வரைக்கும் யாங்கூன், அதாவது நம் ரங்கூன், ஊர் வம்பு முழுக்க அவன் காதில்தான் வந்து கொட்டும். எவன் எவளோடு ஓடினான், எந்தத் தெருவில் இரண்டு நாளாகக் கரண்டு இல்லை, எந்த மாமியார் எந்த மருமகளைப் பஸ்ஸிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள், எல்லாம் அத்துப்படி. அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு, "கமலா, இன்னிக்கு என்ன கூத்து தெரியுமா" என்று ஆரம்பிப்பான். கமலாட்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு 'ம்' வராது. ஓர் 'அப்புறம்' வராது. ஒரு 'அட பாவமே'கூட வராது.

"செவுத்துகிட்ட சொன்னாகூட எதிரொலி வரும்டி" என்று கத்துவான்.

அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். சரி, காதில் வாங்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடவும் முடியாது. நாலு நாள் கழித்து நிதானமாக, "அன்னிக்கு அந்தம்மா சூலேல எறங்கினாங்கன்னு சொன்னீங்க, இன்னிக்கு லேடான்ல எறங்கினதா சொல்றீங்க. எது நெசம்?" என்று கேட்பாள். கதைக்குக் கொஞ்சம் உப்பு காரம் சேர்க்கிற மனுஷன் வாயைத் திறக்க முடியுமா அதற்குப் பிறகு? அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கமலாட்சி டாலாக்காரி, ஆற்றுக்கு அக்கரை. எண்பத்தெட்டில் பத்தாவது பாஸ் செய்தவள். அங்கே பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிந்து, அடுத்தது காலேஜ்தான். பாஸ் செய்து என்ன பிரயோஜனம், அந்த வருஷம் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊரே கொதித்ததில் காலேஜ்கள் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. சில வருஷம் கழித்துத் திறந்தபோது, எந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே வழக்கம் அப்படித்தான். பத்தாவது மார்க்கு எதற்கு எட்டுகிறதோ அதுதான் கிடைக்கும். எல்லாரும் டாக்டர் படிப்பை முதலில் எழுதுவார்கள், அடுத்து இன்ஜினியர். சட்டப் படிப்பு வாலில் எங்கேயோ தொங்கும். கமலாட்சி அதை முதலில் எழுதிக்கொண்டு போனாள். வாங்கி வைத்த ஆள் சிரித்துவிட்டு, "தலகீழா எழுதிட்டியே தங்கச்சி" என்றானாம். இல்லை, நேராகத்தான் எழுதியிருக்கிறேன் என்றாளாம் இவள். இடம் கிடைத்து வகுப்பு சூடு பிடிப்பதற்குள் மறுபடியும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பிறகு கல்யாணம். பிறகு ரேவதி பிறந்தாள். சாதிக் பாட்சாவின் பட்டன் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டே, தொலைக்கல்வியில் சரித்திரம் எடுத்து ஒரு பட்டம் வாங்கினாள். "அதான் வாங்கியாச்சுல்ல, இனிமே நிம்மதியா இரு" என்றான் உதயசூரியன். அவள் அதற்கும் ம் கொட்டவில்லை.

படிப்புக்கும் மவுசு என்று ஒன்று உண்டு, பர்மாக்காரர்கள் கட்டுகிற லொங்ஜிக் கைலி டிசைன் மாதிரி. ஒரு வருஷம் ஓடினது மறு வருஷம் ஓடாது. கண்டக்டருக்கு அது நன்றாகவே தெரியும். பத்தாவது ரிசல்ட் வந்துவிட்டால் போதும், வண்டியில் பிள்ளைகளும் பெற்றவர்களும் நெருக்கி அடிப்பார்கள். யார் எங்கே இறங்குகிறார்கள் என்று பார்த்தே எந்தப் படிப்பு ஏறுமுகம் என்று சொல்லிவிடுவான். ஒரு காலம் முழுக்க டாக்டர் பைத்தியம். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, சந்துக்குச் சந்து போர்டு தொங்கியது. அப்புறம் கப்பல் வேலை. பையன்கள் எல்லாம் கப்பலில் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள். வக்கீல் படிப்பு படிக்கிறேன் என்று வண்டியில் யாராவது சொன்னால் பக்கத்தில் இருப்பவர், "ஐயோ பாவம், மார்க்கு கொறஞ்சுபோச்சா?" என்று துக்கம் விசாரிப்பார்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் காற்று திரும்பிற்று. கம்பெனிகள் வந்தன. ஒப்பந்தம் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடினார்கள். சிங்கப்பூர் போகிறவர்களுக்கும் ஒரு சட்டப் பட்டயம் கையில் இருந்தால் நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். லேடானுக்குப் பக்கத்தில், பட்டம் வாங்கியவர்கள் சாயங்காலத்தில் படிக்கிற சட்ட வகுப்பு ஒன்று இருந்தது. முன்னெல்லாம் ஆள் சேராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வகுப்பு. இப்போது பாங்கு ஆட்கள், கம்பெனிப் பெண்கள், இஸ்திரி போட்ட சட்டைகள் என்று லேடான் ஸ்டாப்பில் வண்டியே காலியாயிற்று. மனுப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேரைக் கழித்தாக வேண்டும் என்று எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். அதில் தேறியவர்களுக்கு நேரில் ஒரு கேள்வி பதில்.

அந்தக் கூட்டத்தில் கமலாட்சியும் மனுப் போட்டாள். எழுத்துப் பரீட்சையில் தேறியும்விட்டாள்!

உதயசூரியனுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியில் ஏறினவர்களிடம் எல்லாம் சொன்னான். மேல்மாடி ஃபக்ருன்னிசா, "என்ன லாயரம்மா, எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா இனிமே?" என்று கிண்டல் செய்தாள். அதே சமயம் அவனுக்குப் பயமும் பிடித்துக்கொண்டது. நேரில் கேட்பார்களாமே! மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்களாம். பணிவாக இருக்கிறோமா என்று பார்ப்பார்களாம். பெரியவர்கள் பேசப் பேச, பர்மாக்காரர்கள் வழக்கப்படி 'ஹொக்கே, ஹொக்கே' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். நாம் 'ஆமாங்க, சரிங்க' என்கிறோமே, அதுதான் ஹொக்கே. சொல்லாவிட்டால் திமிர் பிடித்தது என்று நினைத்துவிடுவார்கள். இதெல்லாம் வண்டியில் காதில் விழுந்த சங்கதி. ம் கொட்டாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டவன் வேறு எதற்குப் பயப்படுவான்? இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் கூட்டம் இன்னும் ஏறும், வயதுக்கு வரம்பு வைக்கப்போவதாகவும் பேச்சு. இதுதான் கடைசி வாய்ப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரைப் பார்க்க டாலாவுக்குப் போனார்கள். மாமனார் நல்லையா ஒரு காலத்தில் ஊருக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிற வேலையில் இருந்தவர். ஏனோ அந்த வேலை போய், அக்கரையில் குடிசை போட்டுக் கோழி வளர்த்தார். உதயசூரியனுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பின்னே, என்ன சொன்னாலும் 'ஹொக்கே, ஹொக்கே மாப்ளே' என்பார். தமிழில் பேசினாலும் அந்தச் சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு வரும். கதை சொன்னால் இப்படி ஒரு ஆளிடம் அல்லவா சொல்ல வேண்டும்!

படித்துறைப் பக்கத்து டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். கடைக்காரன் வந்து, "பெரியவரே, சமூசா வைக்கவா?" என்றான். ஹொக்கே என்றார். "இன்னொரு டீ?" ஹொக்கே. "பலாட்டாவும்?" ஹொக்கே. பிறகு சமூசாவும் பரோட்டாவுமாக வந்த தட்டுகளைப் பார்த்து, "இதையெல்லாம் யாரு கேட்டா?" என்று திருதிருவென்று விழித்தார். உதயசூரியன் விழுந்து விழுந்து சிரித்தான். கமலாட்சி மட்டும் சிரிக்கவில்லை. தட்டுகளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

திரும்பி வருகிற படகில் அவன் ஆரம்பித்தான். "பாத்தியா உங்கப்பாவ? அந்த மாதிரி நாளன்னிக்கு நீயும் வாய் நெறைய ஹொக்கே சொல்லணும். சொல்றியா?"

கமலாட்சி ஆற்றைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லாததைச் சொன்னாள்.

"அப்பா ஜெயிலுக்குப் போனதே அதனாலதாங்க."

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கிடங்கிலிருந்து பித்தளைக் குழாய்கள் காணாமல் போயின. நல்லையாவைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அவருக்குத் தெரிந்தது சந்தில் பழகிய பர்மியம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வேக வேகமாகக் கேட்டார். கிடங்குச் சாவி உன்னிடம்தானே இருந்தது? ஹொக்கே. அன்றைக்கு வேலைக்கு வந்தாய்? ஹொக்கே. நீதான் எடுத்தாய்? ஹொக்கே. அவர் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. நம் ஊர்க்காரர்கள் ம் கொட்டுவார்களே, அதைத்தான் அவர் பர்மியத்தில் செய்துகொண்டிருந்தார். காதில் விழுகிறது ஐயா, நீங்கள் சொல்லுங்கள் என்று மரியாதை காட்டிக்கொண்டிருந்தார். கை கட்டி, தலையை ஆட்டி ஆட்டி, மூன்று மாதம் உள்ளே போனார். வேலையும் போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று.

"நான் பெஞ்சுல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். வேணாம்பா, சொல்லாதீங்கப்பான்னு கத்தணும்போல இருந்துச்சு. அம்மா வாயப் பொத்திட்டாங்க. அன்னியிலேருந்து எனக்கு அது வராதுங்க. யாராவது பேசினா முழுசா கேட்டு முடிக்கற வரைக்கும் எங்கிட்டேருந்து சத்தமே வராது."

உதயசூரியன் நினைத்துப் பார்த்தான். செவிடி, கல்லுப்பிள்ளையார், என்னென்ன பேர் வைத்துவிட்டோம் இவளுக்கு! இத்தனை வருஷம் தன் உளறல் ஒன்று விடாமல் இவள் கேட்டிருக்கிறாள். ஊரில் எந்தப் பெண்டாட்டி கேட்பாள் அப்படி? படகு கரை தட்டுகிற வரைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கே அது புதுசு.

ஆனாலும் பயம் போகவில்லை. "இருந்தாலும் புள்ள, அன்னிக்கு ஒரு நாள் மட்டும்…" என்று இழுத்தான். அவள் படகிலிருந்து இறங்கி முன்னால் நடந்தாள்.

அந்த நாள் வந்தது. லீவு போட்டுவிட்டுக் கூடவே போனான். கூடத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். கேள்வி கேட்கிற அறைக்கு இடுப்பளவு ஆடுகதவுதான், உள்ளே பேசுவது அத்தனையும் வெளியே கேட்டது. முன்னால் போன பையன் தேனாய்ச் சொட்டினான். வாத்தியாரை அங்கே ஸயா என்பார்கள், வாத்தியாரம்மா என்றால் ஸயாமா. ஸயா ஒரு வார்த்தை சொன்னால் இவன் இரண்டு ஹொக்கே சொன்னான். அவனுக்கு அடுத்துப் போன பாங்குக்காரப் பெண் அவனையும் மிஞ்சிவிட்டாள். உதயசூரியன் உட்கார்ந்த இடத்தில் புழுங்கினான்.

"டோ கமலாட்சி" என்று பர்மிய மரியாதையோடு கூப்பிட்டார்கள். அவள் எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

கனத்த குரலில் ஒரு ஸயா பேசினார். பேச்செல்லாம் பர்மியத்தில்தான். உதயசூரியன் அதைப் பின்னால் நூறு பேரிடம் தமிழில் சொன்னான், அவன் சொன்னபடியே இங்கே.

"ஒனக்கு முப்பத்தஞ்சு வயசு. பட்டன் கடையில வேல பாக்குற. வீட்டுல கொழந்த இருக்கு."

சத்தமில்லை.

"இப்ப எல்லாரும் இந்தப் படிப்புக்கு ஓடி வர்றாங்க. அதப் பாத்து நீயும் வந்துட்ட."

சத்தமில்லை. சொல்லேன்டி, ஒரே ஒரு ஹொக்கே சொல்லேன்டி என்று உதயசூரியன் பல்லைக் கடித்தான்.

"பாதியில விட்டுட்டுப் போயிடுவ. ஒன்னால வேற ஒருத்தர் எடமும் வீணாப்போகும். அப்படித்தானே?" கொஞ்ச நேரம் பொறுத்து, "என்ன, காது கேக்குதா?" என்றார் ஸயா.

"நல்லா கேக்குது ஸயா. நீங்க முடிக்கட்டும்னு இருந்தேன்" என்றாள் கமலாட்சி. குரல் நடுங்கவே இல்லை. "வயசு சரி. கட சரி. கொழந்த இருக்கறதும் சரி. எல்லாரும் ஓடி வர்றதப் பாத்து வந்தேன்றது சரியில்ல. யாரும் வராத காலத்துலயே இதத்தான் நான் மொதல்ல எழுதிக் குடுத்தேன். பாதியில விட்டுட்டுப் போவேன்றது இன்னும் நடக்கல. நடக்காத ஒண்ணுக்கு ஆமான்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

 கூடத்தில் பக்கத்திலிருந்த ஒரு கம்பெனிப் பெண் வாயில் கை வைத்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று உதயசூரியனின் ஒரு மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு மனசு, அடேயப்பா, இவளா நம்ம வீட்டில் வெங்காயம் உரிக்கிறவள் என்று வாயைப் பிளந்து நின்றது.

"பெரியவங்க பேசும்போது ஹொக்கேன்னு சொல்றது மரியாத. ஒங்க வீட்டுல சொல்லித் தரலியா?" ஸயாவின் குரல் ஏறிவிட்டது.

"சொல்லித் தந்தாங்க ஸயா. எங்கப்பா ரொம்ப மரியாதையான மனுஷன். அந்த மரியாதைக்குத்தான் அவரு ஜெயிலுக்குப் போனாரு."

படகில் சொன்னதை அங்கேயும் சொன்னாள். அழவில்லை, கூட்டிச் சொல்லவில்லை. கேள்வி, ஹொக்கே, கேள்வி, ஹொக்கே, அவ்வளவுதான்.  முடித்ததும் வயதான ஒரு ஸயாமாவின் குரல் கேட்டது.

"சரி. அந்த நீதிபதி எடத்துல நீ இருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேன் ஸயாமா. 'நீ ஒரு தப்பும் செய்யாதவன்தானே'ன்னு. அதுக்கும் எங்கப்பா ஹொக்கேன்னுதான் சொல்லியிருப்பாரு. அப்பத் தெரிஞ்சுபோயிருக்கும், இந்த மனுஷன் ஒத்துக்கல, சும்மா ம் கொட்டிக்கிட்டு நிக்கிறாருன்னு."

உதயசூரியனுக்குப் புல்லரித்துப்போயிற்று. பதின்மூன்று வருஷம் பக்கத்தில் படுத்தவளை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. பன்னிரண்டு வயதில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அந்த ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்க இத்தனை காலம் மெனக்கெட்டிருக்கிறாள். அதற்குத்தான் டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் மேலே அந்தப் படிப்பை எழுதியிருக்கிறாள். தலைகீழாய் இருந்தது அவள் எழுதினது இல்லை என்று அவனுக்கு அங்கே புரிந்தது.

அவள் வெளியே வந்தபோது எழுந்து நின்றான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. "வாங்க, போலாம்" என்று வாயில் வந்துவிட்டது. கமலாட்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பெண்டாட்டியை 'வாங்க' என்று கூப்பிட்டிருக்கிறான், பாவம்.

பத்துப் பதினைந்து நாள் அவன் படாத பாடு பட்டான். வண்டி லேடானைத் தாண்டும்போதெல்லாம் இறங்கி ஓடிப்போய்ப் போர்டைப் பார்த்துவிட்டு வருவான். டிரைவர் திட்டுவான். ஒரு நாள் மத்தியானம் போர்டில் அவள் பேர் இருந்தது! உதயசூரியன் ஓடி வந்து படியில் தொற்றிக்கொண்டு, ஸ்டாப் பேர் சொல்லிக் கத்துவதற்குப் பதிலாக, "எம்பொண்டாட்டிக்கு எடம் கெடச்சிருச்சு! லாயர் படிப்பு!" என்று கத்தினான். ஏறினவர்கள் சிரித்தார்கள். ஒரு அம்மாள் அவன் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தாள்.

அடுத்த ஞாயிறு டாலாவுக்குப் போனார்கள். மாமனாரிடம் கதை சொல்வதற்குப் படகிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டான். குடிசை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, ஆடுகதவிலிருந்து ஆரம்பித்தான். நல்லையா முகமெல்லாம் சிரிப்பாக, "ஹொக்கே… ஹொக்கே மாப்ளே…" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பாங்குக்காரப் பெண்ணுக்கு ஹொக்கே. கனத்த குரல் ஸயாவுக்கு ஹொக்கே. கோர்ட்டுச் சங்கதி வந்ததும் அவர் வாய் நின்றுவிட்டது. அந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதே இல்லை. உதயசூரியனுக்கு நிறுத்தலாமா என்றிருந்தது. ஆனாலும் சொல்லித் தீர்த்தான். அந்த ஒரு கேள்வியையும் சொன்னான்.

கோழி ஒன்று வந்து காலடியில் கொத்திக்கொண்டிருந்தது. நல்லையா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி யாரும் கேக்கலியேம்மா" என்றார்.

கமலாட்சி எழுந்து வந்து அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவர் முழங்காலில் கை வைத்தாள்.

"நான் கேக்கறேன்ப்பா. நீங்க ஒரு தப்பும் செய்யாதவருதானே?"

வழக்கம்போல உடனே வரவில்லை. கிழவர் கேள்வியை முழுசாக வாங்கிக்கொண்டார்.  மகளை நேராகப் பார்த்தார்.

"ஹொக்கே" என்றார். "ஹொக்கே, தாயி."

"ம்" என்றாள் கமலாட்சி.